கோவை வேளாண் பல்கலைக்கழகம்: காஞ்சிபுரம் விவசாயி எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம்?

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நேரமும், ஏரிப் பாசன விவசாயிகள் அடுத்த பட்டத்துக்கு விதை தேடும் நேரமும் ஏறக்குறைய ஒன்றாகவே வருகின்றன. சின்ன காஞ்சிபுரத்தில் வீட்டில் தறியும், ஓரிக்கை, ஐயங்கார்குளம் பக்கம் ஓர் ஏக்கரோ இரண்டு ஏக்கரோ நிலமும் வைத்திருக்கும் குடும்பங்களில் அப்போது இரண்டு கேள்விகள் எழும். "இந்தப் பட்டத்துக்கு எந்த ரகம் போடலாம்?" என்பது ஒன்று. "பையனை, பொண்ணை அக்ரி படிக்க வைக்கலாமா?" என்பது மற்றொன்று.

இரண்டு கேள்விக்கும் பதில் தேடிப் போனால் ஒரே இடத்தில்தான் வந்து நிற்போம். அது கோவையில் இருக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். பெயரைக் கேள்விப்படாத விவசாயி இருக்க மாட்டார். ஆனால், "அது படிச்சவங்க இடம், நமக்கும் அதுக்கும் தூரம்" என்று நினைப்பவர்களே அதிகம். உண்மையில் உங்கள் வீட்டு விதைச் சாக்கின் மேல் அச்சடித்திருக்கும் மூன்று எழுத்து, அந்தப் பல்கலைக்கழகத்தின் ஏதோ ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயராக இருக்கவே வாய்ப்பு அதிகம். அந்தப் பல்கலைக்கழகம் என்ன செய்கிறது, அங்கே என்ன படிக்கலாம், அதன் பெயருக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்று பார்ப்போம்.

தொடங்கியது நம் மாவட்டத்தில்

இந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் கோவையில் இல்லை. 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் அதன் ஆரம்பம். அந்தக் காலத்தில் சைதாப்பேட்டை, செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. காஞ்சிபுரமும் அதே மாவட்டம். 1906-இல் அது கோவைக்கு மாற்றப்பட்டு, வேளாண்மைக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் ஒன்றாக இயங்கத் தொடங்கின. 1971-ஆம் ஆண்டு ஜூன் 1 அன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது.

கால்நடை மருத்துவமும் ஒரு காலத்தில் இதே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருந்தது. 1989-இல் அது பிரிந்து தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆனது. 2012-இல் மீன்வளத்துக்கும் தனிப் பல்கலைக்கழகம் வந்தது. எனவே மாட்டுக்கு மடிநோய் என்றால் கால்நடைப் பல்கலைக்கழகம். மீன் குட்டை என்றால் மீன்வளப் பல்கலைக்கழகம். பயிர், தோட்டம், பண்ணைக் கருவி, பட்டுப்புழு, காளான், தேனீ என்றால் கோவை. இந்தப் பிரிவு தெரிந்திருந்தால் வீண் அலைச்சல் குறையும்.

மூன்று வேலை, ஒரு நிறுவனம்

மற்ற பல்கலைக்கழகங்கள் பாடம் நடத்தும், ஆராய்ச்சி செய்யும். வேளாண் பல்கலைக்கழகத்துக்கு மூன்றாவதாக ஒரு கடமையும் உண்டு. கண்டுபிடித்ததை விவசாயியின் வயல் வரை கொண்டு சேர்ப்பது. இதை விரிவாக்கப் பணி என்பார்கள். அமெரிக்காவில் 1862-இல் வந்த ஒரு சட்டத்தின் மூலம் உருவான கல்லூரிகளைப் பார்த்து, இந்தியாவில் 1960-இல் பந்த்நகரிலும், 1962-இல் லூதியானாவிலும் இப்படிப்பட்ட பல்கலைக்கழகங்கள் தொடங்கப்பட்டன. அந்த வரிசையில் வந்ததுதான் கோவையும்.

விரிவாக்கப் பணியில் கோவைக்கு ஒரு பெருமை உண்டு. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கியபோது, அதை நடத்தும் பொறுப்பு இந்தப் பல்கலைக்கழகத்திடம்தான் கொடுக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் மாவட்டத்துக்கு ஒன்று என்று பரவியிருக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு அதுதான் முன்னோடி.

விதைச் சாக்கின் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பல்கலைக்கழகத்துக்கு மாநிலம் முழுவதும் முப்பதுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. ஒவ்வொரு நிலையமும் தான் வெளியிடும் ரகத்துக்குத் தன் ஊர்ப் பெயரைச் சுருக்கி வைக்கும். அந்த எழுத்துகள் தெரிந்தால், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பி விதை வாங்க வேண்டியதில்லை.

* கோ: கோயம்புத்தூர். நெல், சோளம், தீவனப்புல், காய்கறி எனப் பல பயிர்கள்.
* ஏடிடி: ஆடுதுறை. நெல், உளுந்து.
* டிகேஎம்: திருவள்ளூர் அருகே உள்ள திரூர்க்குப்பம். நெல்.
* ஏஎஸ்டி: அம்பாசமுத்திரம். நெல்.
* டிபிஎஸ்: திருப்பதிசாரம். நெல்.
* டிஎம்வி: திண்டிவனம். நிலக்கடலை, எள்.
* விஆர்ஐ: விருத்தாசலம். நிலக்கடலை, எள், முந்திரி.
* விபிஎன்: வம்பன். உளுந்து, பாசிப்பயறு.
* பிகேஎம்: பெரியகுளம். முருங்கை, தக்காளி, பழப் பயிர்கள்.
* பிஎல்ஆர்: பாலூர். கத்தரி உள்ளிட்ட காய்கறிகள்.

இந்தப் பட்டியலில் இல்லாத எழுத்தைக் கண்டால், அது வேறு மாநிலத்தின் ரகமாக இருக்கலாம். நம் பக்கம் பலரும் விரும்பிப் போடும் பிபிடி 5204, ஆந்திராவின் பாபட்லாவில் உருவானது. என்எல்ஆர் என்றால் நெல்லூர். வெளிமாநில ரகம் என்பதால் கெட்டது என்று பொருள் இல்லை. ஆனால், நம் மண்ணுக்கும் பட்டத்துக்கும் அது ஏற்றதா என்பதைக் கேட்டுவிட்டே போட வேண்டும்.

ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடலாம். நெல்லில் "கோ 51" என்றால் அது வேளாண் பல்கலைக்கழகத்தின் ரகம். கரும்பில் "கோ 86032" என்றால் அது அதே கோவையில் 1912 முதல் இயங்கும் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் ரகம். அது மத்திய அரசின் நிறுவனம். பல்கலைக்கழகத்தின் பகுதி அல்ல. கடலூரில் உள்ள பல்கலைக்கழக நிலையத்தின் கரும்பு ரகங்கள் "கோசி" என்ற எழுத்தோடு வரும்.

உலகம் சுற்றி வந்த திரூர் நெல்

பல்கலைக்கழகத்தின் பெயருக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்களுக்கு, நம் பகுதியிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது.

1912-இல் கோவையில் நெல் இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. அங்கிருந்து 1921-இல் வெளிவந்த ஜிஇபி 24 என்ற ரகம், சன்ன அரிசிக்குப் பெயர் பெற்றது. பின்னாளில் அதையும் கோ 18 என்ற ரகத்தையும் ஒட்டுச் சேர்த்து, திரூர்க்குப்பம் நிலையம் டிகேஎம் 6 என்ற ரகத்தை உருவாக்கியது. தண்டுத்துளைப்பானைத் தாங்கி நிற்கும் குணம் அதற்கு இருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அந்தக் குணத்துக்காகவே டிகேஎம் 6-ஐத் தன் ஒட்டுப் பணியில் சேர்த்தது. அப்படிப் பிறந்ததுதான் 1969-இல் வெளியான ஐஆர் 20. தமிழகத்தில் அதைப் போடாத ஊர் இல்லை என்று சொல்லும் அளவுக்கு ஒரு காலத்தில் பரவிய ரகம் அது. திரூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்தில்தான் இருந்தது. 1997-இல்தான் திருவள்ளூர் தனி மாவட்டமானது. ஆக, வெளிநாட்டு விதை என்று நம் தாத்தாக்கள் நினைத்துப் போட்ட நெல்லின் ஒரு பெற்றோர், நம் மாவட்டத்து வயலில் பிறந்தது.

இன்று நம் பகுதிக்கு எது?

காஞ்சிபுரம் மாவட்டம், பல்கலைக்கழகத்தின் கணக்கில் வடகிழக்கு வேளாண் காலநிலை மண்டலத்தில் வருகிறது. இங்கே ஏரியை நம்பி மூன்று பட்டங்கள். சித்திரை, வைகாசியில் தொடங்கும் சொர்ணவாரி. ஆடி, ஆவணியில் தொடங்கும் சம்பா. மார்கழி, தையில் தொடங்கும் நவரை.

சொர்ணவாரிக்கும் நவரைக்கும் குறுகிய கால ரகமே ஏற்றது. 2013-இல் வெளியான கோ 51-க்கு வயது 105 முதல் 110 நாள். ஏடிடி 37-க்கும் ஏறக்குறைய அதே வயதுதான். இது குண்டு நெல். இட்லி அரிசிக்கு என்று கடைக்காரர்கள் தேடுவது இதைத்தான். சிவப்பரிசி விரும்புவோர் டிகேஎம் 9 போடலாம். சம்பாவுக்கு 2015-இல் திரூரிலிருந்து வெளியான டிகேஎம் 13 இருக்கிறது. வயது 130 நாள். நடுத்தரச் சன்ன ரகம். பிபிடி 5204-க்கு மாற்றாகப் பரிந்துரைக்கப்படுவது.

ஏரியில் நவரைக்கு எத்தனை நாள் தண்ணீர் நிற்கும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அதன் பிறகு ரகத்தைத் தேர்ந்தெடுங்கள். 130 நாள் ரகத்தை நவரையில் போட்டுவிட்டு, பால் பிடிக்கும் நேரத்தில் மதகைப் பார்த்துக்கொண்டு நிற்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

அட்டையின் நிறம் பாருங்கள்

புதிய ரகம் வெளியானதாகச் செய்தி வரும். கடைக்குப் போனால் "இன்னும் வரலை" என்பார்கள். இதில் பலருக்கும் வருத்தம் உண்டு. காரணம் இதுதான்: பல்கலைக்கழகம் முதலில் கொஞ்சமாக வல்லுநர் விதையை உற்பத்தி செய்யும். அதிலிருந்து ஆதார விதை. ஆதார விதையிலிருந்து சான்று விதை. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு பட்டம் ஆகும். அதனால் செய்தி வந்து சில பட்டங்கள் கழித்தே விதை நம் கைக்குப் பரவலாகக் கிடைக்கும். இந்த இடைவெளியில்தான் "புது ரகம்" என்று சொல்லி வேறு எதையோ விற்பவர்களும் நுழைகிறார்கள்.

ஏமாறாமல் இருக்க அட்டையைப் பாருங்கள். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை. ஆதார விதைக்கு வெள்ளை. சான்று விதைக்கு நீலம். உண்மைநிலை விதைக்குப் பச்சை. சான்று பெற்ற நெல் விதை என்றால் முளைப்புத்திறன் குறைந்தது 80 சதவீதம், புறத்தூய்மை 98 சதவீதம், ஈரப்பதம் 13 சதவீதத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். அட்டையில் காலாவதித் தேதியும் இருக்கும். ரசீது வாங்கி, அட்டையோடு சேர்த்து அறுவடை முடியும் வரை பத்திரமாக வையுங்கள். முளைக்காமல் போனால் முறையிட அதுதான் ஆதாரம்.

விதைப்பதற்கு முன் ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைநேர்த்தி செய்வதும் பல்கலைக்கழகத்தின் பரிந்துரைதான். குலைநோய், இலையுறை அழுகல் போன்றவற்றுக்கு ஆரம்பத்திலேயே ஒரு தடுப்பு. செலவு மிகக் குறைவு.

நெல்லைத் தாண்டி

நெல் அறுத்த வயலில் உளுந்து போடுபவர்களுக்கும், மேட்டு நிலத்தில் நிலக்கடலை போடுபவர்களுக்கும் பல்கலைக்கழகத்தின் பயிர் ஊக்கிகள் தெரிந்திருக்கலாம். "பயறு ஒண்டர்" ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில் கலந்து, பூக்கும் தருணத்தில் ஒரு முறை தெளிக்க வேண்டும். பூ உதிர்வது குறையும். "நிலக்கடலை ரிச்" ஒரு தெளிப்புக்கு ஏக்கருக்கு 2 கிலோ. பூக்கும்போது ஒரு முறை, காய் பிடிக்கும்போது ஒரு முறை. தென்னைக்கு "தென்னை டானிக்" உண்டு. மரத்துக்கு 200 மில்லி கரைசல், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வேர் மூலம் செலுத்த வேண்டும்.

வீட்டுக்கு இரண்டு கறவை மாடு வைத்திருப்பவர்கள் வரப்போரம் நடும் கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் புல்லும் கோவையின் ரகங்களே. நாட்டின் பல மாநிலங்களில் பயிராகும் பிகேஎம் 1 செடிமுருங்கை பெரியகுளத்தில் உருவானது. வீட்டின் பக்கத்தில் ஒரு குடில் போட்டு வளர்க்கும் பால் காளானை வணிகப் பயிராக மாற்றியதிலும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பங்கு உண்டு. தறி வேலை குறைந்த மாதங்களில் வீட்டுப் பெண்கள் சிறு முதலீட்டில் செய்யக்கூடியது இது.

விளைவிப்பதோடு முடியவில்லை. மஞ்சள், நிலக்கடலை, தக்காளி, வெங்காயம் போன்றவற்றுக்கு அடுத்த சில மாதங்களில் என்ன விலை இருக்கலாம் என்று பல்கலைக்கழகத்தின் உள்நாட்டு மற்றும் ஏற்றுமதி சந்தைத் தகவல் மையம் முன்னறிவிப்பு வெளியிடுகிறது. அதை அப்படியே வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். உள்ளூர் வியாபாரி சொல்லும் விலையோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

யாரைக் கேட்பது?

கோவை வரை போக வேண்டியதில்லை.

* முதல் படி, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம். விதை, உயிர் உரம், மானியம் எல்லாம் இங்கிருந்துதான். இது வேளாண்மைத் துறையைச் சேர்ந்தது. பல்கலைக்கழகம் வேறு, துறை வேறு. பரிந்துரையை உருவாக்குவது பல்கலைக்கழகம். அதைத் திட்டமாக உங்களிடம் கொண்டுவருவது துறை.
* நெல்லில் ரகம், நோய் குறித்த சந்தேகம் என்றால் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம். அதே ஊரில் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளது.
* நம் பகுதிக்கான வேளாண் அறிவியல் நிலையம் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் உள்ளது. இதை நடத்துவது கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம். மாடு, ஆடு, கோழியோடு பயிர்ப் பயிற்சிகளும் நடக்கும். பூந்தமல்லி பக்கமும் ஒரு காட்டுப்பாக்கம் இருக்கிறது. பேருந்து மாறி ஏறிவிட வேண்டாம்.
* நிலக்கடலை, எள்ளுக்குத் திண்டிவனம் எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம்.
* வீட்டிலிருந்தே பார்க்க, பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் இணையதளம் தமிழிலும் உள்ளது. பயிர் வாரியாக ரகம், உர அளவு, பூச்சி, நோய் விவரங்கள் படங்களோடு கிடைக்கும்.
* போனில் கேட்க, கிசான் கால் சென்டர் 1800-180-1551. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இறுதியாண்டு வேளாண் மாணவர்கள் கிராமங்களில் தங்கி, ஊரக வேளாண் பணி அனுபவப் பயிற்சி எடுப்பார்கள். தரையில் கலர் பொடியால் ஊர் வரைபடம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். "சின்னப் பிள்ளைங்க, இவங்களுக்கு என்ன தெரியும்" என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் பயிரின் நோயைப் படம் எடுத்து, அன்றைக்கே தங்கள் பேராசிரியரிடம் கேட்டுச் சொல்ல அவர்களால் முடியும். நம் அனுபவமும் அவர்களுக்கு வேண்டும்.

பிள்ளையைப் படிக்க வைக்க

இனி இரண்டாவது கேள்வி.

பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்புகள் நான்கு ஆண்டுகள். வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல், பட்டு வளர்ப்பு, உணவு மற்றும் சத்துணவு, வேளாண் வணிக மேலாண்மை ஆகியவை ஒரு பக்கம். வேளாண் பொறியியல், உணவுத் தொழில்நுட்பம், உயிர்த் தொழில்நுட்பம் போன்ற பி.டெக். படிப்புகள் மறுபக்கம். அதன் பிறகு முதுநிலை, முனைவர் பட்டம்.

கல்லூரி கோவையில் மட்டும் இல்லை. மதுரை, கிள்ளிகுளம், திருச்சி, குடுமியான்மலை, ஈச்சங்கோட்டை, வாழவச்சனூர் ஆகிய இடங்களிலும் அரசு வேளாண் கல்லூரிகள் உள்ளன. பெரியகுளத்தில் தோட்டக்கலை, குமுளூரில் வேளாண் பொறியியல், மேட்டுப்பாளையத்தில் வனவியல். நம் பகுதிக்கு அருகில் இருப்பது திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள வாழவச்சனூர். இவை தவிர, இணைப்பு பெற்ற தனியார் கல்லூரிகளும் உண்டு.

மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்குத் தனி நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் தரவரிசைப் பட்டியல். பிறகு ஆன்லைன் கலந்தாய்வு. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் தேசிய அளவில் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021-இல் வந்த சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. பிளஸ் டூவில் வேளாண் தொழிற்கல்விப் பாடம் எடுத்தவர்களுக்கும் தனி ஒதுக்கீடு உள்ளது. ஆங்கிலம் தடையாக இருக்குமோ என்று தயங்கும் பிள்ளைகளுக்காக, கோவையில் வேளாண்மையும் தோட்டக்கலையும் தமிழ் வழியிலும் நடத்தப்படுகின்றன.

நெசவாளர் வீட்டுக்கு ஒரு படிப்பு

அதிகம் பேசப்படாத ஒரு படிப்பை நம் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும். அது மேட்டுப்பாளையத்தில் நடக்கும் பட்டு வளர்ப்புப் பட்டப்படிப்பு. காஞ்சிபுரம் தறிகளில் ஓடும் பட்டு நூலின் பெரும்பகுதி கர்நாடகத்திலிருந்து வருகிறது. தமிழகத்தில் மல்பெரி பயிரிட்டுப் புழு வளர்ப்பது கிருஷ்ணகிரி, தருமபுரி, ஈரோடு, கோவைப் பக்கங்களில்தான். நூல் விலை ஏறினால் முதல் அடி விழுவது நம் தறி மேல். ஆனால், அந்த விலை எங்கே, எப்படி உருவாகிறது என்று தெரிந்த ஆட்கள் நம் தெருக்களில் குறைவு.

மல்பெரித் தோட்டம், முட்டைத் தொகுதி, இளம்புழு வளர்ப்பு, கூடு கட்டுதல், நூல் பிரித்தல் என்று நூலின் முன்கதை முழுவதையும் அந்தப் படிப்பு சொல்லித்தருகிறது. படித்தவர்களுக்குப் பட்டு வளர்ச்சித் துறையிலும் மத்திய பட்டு வாரியத்திலும் பணி வாய்ப்பு உண்டு. சொந்தமாக இளம்புழு வளர்ப்பு மையம் வைக்கலாம். பாவு, ஊடை, கோர்வை எல்லாம் தெரிந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, கூட்டின் தரமும் அறிந்து வந்தால், அந்த அறிவு வெளியூர்க்காரருக்கு எளிதில் வாய்க்காது.

பட்டம் மட்டுமே வழி அல்ல

பிளஸ் டூ மதிப்பெண் போதவில்லை என்றால் இரண்டு ஆண்டு வேளாண்மைப் பட்டயப் படிப்பு இருக்கிறது. உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு இந்தப் பட்டயமே தகுதி. வேளாண்மை அலுவலர் பணிக்குத்தான் பி.எஸ்சி. வேண்டும். உரம், பூச்சிமருந்துக் கடை உரிமம் எடுக்க நினைப்பவர்களுக்கும் இந்தப் படிப்புகள் பயன்படும்.

வயலில் இருக்கும் பெரியவர்களும் படிக்கலாம். பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி மற்றும் தொலைதூரக் கல்வி இயக்ககம் காளான் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, காய்கறி சாகுபடி, இயற்கைப் பண்ணையம் போன்றவற்றில் தமிழிலேயே சான்றிதழ் படிப்புகளை நடத்துகிறது. கோவைப் பல்கலைக்கழகத்தில் ஒரு நாள், இரண்டு நாள் கட்டணப் பயிற்சிகளும் அடிக்கடி அறிவிக்கப்படுகின்றன.

பெயரை எவ்வளவு நம்பலாம்?

பசுமைப் புரட்சியின் முகமாகப் பேசப்படும் எம்.எஸ். சுவாமிநாதன் கோவை வேளாண் கல்லூரியில் படித்தவர். மத்திய அரசின் தேசியத் தரவரிசையில் வேளாண் பிரிவில் நாட்டின் முதல் பத்து நிறுவனங்களுக்குள் இந்தப் பல்கலைக்கழகம் இடம்பெற்றுள்ளது. இவையெல்லாம் உண்மை. ஆனால், பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாத இடங்களும் உண்டு.

முதலாவது, வேலை. அரசு அலுவலர் பணியிடங்கள் குறைவு. ஒவ்வோர் ஆண்டும் படித்து வெளியே வருபவர்கள் அதிகம். தனியார் கல்லூரிகள் பெருகிய பிறகு இந்த இடைவெளி கூடியிருக்கிறது. வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வு, விதை மற்றும் இடுபொருள் நிறுவனங்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் என்று வழிகள் இருக்கின்றன. ஆனால், "அக்ரி படிச்சா கவர்மென்ட் வேலை உறுதி" என்று யாராவது சொன்னால் நம்பி, நிலத்தை விற்றுக் கட்டணம் கட்ட வேண்டாம்.

இரண்டாவது, கல்லூரி. தனியார் கல்லூரியில் சேர்ப்பதானால், அது வேளாண் பல்கலைக்கழகத்தின் இணைப்பு பெற்றதா அல்லது வேறு பல்கலைக்கழகமா என்று முதலில் கேளுங்கள். வேறு என்றால், அந்தப் படிப்புக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று எழுத்தில் பாருங்கள். அங்கீகாரம் இல்லாவிட்டால் மேல்படிப்பிலும் வேலையிலும் சிக்கல் வரலாம். நான்கு ஆண்டும் பணமும் போன பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயனில்லை.

மூன்றாவது, பரிந்துரை. பல்கலைக்கழகத்தின் உர அளவு பொதுவானது. உங்கள் வயல் அதற்குள் அடங்கும் என்பதற்கு உறுதி இல்லை. அதனால்தான் அவர்களே மண் பரிசோதனைக்குப் பிறகு உரமிடச் சொல்கிறார்கள். அறுவடை முடிந்து, உரம் போடுவதற்கு முன், வயலில் 10 முதல் 15 இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டுங்கள். நெல் வயல் என்றால் 15 செ.மீ. ஆழம் போதும். பக்கவாட்டு மண்ணைச் சீராகச் சுரண்டி எடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் வேண்டாம். எல்லாவற்றையும் கலந்து, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கிக்கொண்டே வந்து அரைக் கிலோ எடுத்து, நிழலில் உலர்த்திக் கொடுங்கள்.

நான்காவது, எல்லா அறிவும் ஓரிடத்தில் இருக்கும் என்ற எண்ணம். உயர் விளைச்சல் ரகங்கள் பரவியபோது பல பாரம்பரிய நெல் ரகங்கள் வயலைவிட்டுப் போயின. அவற்றைத் தேடி மீட்டதில் பெரும்பங்கு விவசாயிகளுடையது. இன்று பல்கலைக்கழகமும் இயற்கை வேளாண்மைக்குத் தனித்துறை வைத்து ஆராய்கிறது. ஆகவே, உங்கள் பாட்டன் சொன்னதையும் பேராசிரியர் சொல்வதையும் பக்கத்துப் பக்கத்து வயலில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்வதில் தவறே இல்லை. பத்து சென்ட் போதும். ஆராய்ச்சி நிலையங்களும் அதைத்தான் செய்கின்றன.

இந்த வாரம் செய்யக்கூடியவை

வீட்டில் உள்ள விதைச் சாக்கை எடுத்து எழுத்தையும் அட்டை நிறத்தையும் பாருங்கள். போன பட்டத்து ரகம், வயது, மூட்டைக் கணக்கு மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை அலுவலரையோ விஞ்ஞானியையோ பார்க்கும்போது "விளைச்சல் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல், இந்த நோட்டைக் காட்டிக் கேளுங்கள். பதில் தெளிவாக வரும்.

பிள்ளை பிளஸ் டூ படிக்கிறது என்றால், பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அறிவிப்பை அதன் இணையதளத்தில் மட்டும் பாருங்கள். இடம் வாங்கித் தருவதாகச் சொல்லும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். கலந்தாய்வில் இடம் கிடைப்பது மதிப்பெண்ணுக்கும் ஒதுக்கீட்டுக்கும் மட்டுமே.

நம் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் அது. சைதாப்பேட்டையில் தொடங்கி நூற்றைம்பது ஆண்டு தாண்டிவிட்டது. கேள்வி கேட்டுப் போகிற விவசாயிக்குப் பதில் சொல்வது அவர்கள் வேலை. கேட்பது நம் உரிமை.